பொருந்தும் பதிவு எதுவும் இல்லை

மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது என் தொழில். காத்தான்குடியில், எங்கள் வீட்டு மேல்மாடியில், சன்னலோரமாக ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும், எது பிழைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குழப்பமில்லாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் கணவர் பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். உன் மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு அவர் "கொம்பியூட்டருக்கு விளக்கம் எழுதுறா" என்பார். அது சரியான பதில் இல்லை. நான் எழுதியது கொம்பியூட்டரைப் பாவிக்கும் மனிதருக்கு. ஆனால் பிறகு வந்த ஒரு வேலை அவர் சொன்னதை உண்மையாக்கிவிட்டது.

அது ஒரு சுகாதாரத் தரவுத் தேடல் கருவி. நோய்கள், அறிகுறிகள், மருந்துகள் பற்றி மருத்துவர்கள் சரிபார்த்த தகவல்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒருவர் தன் தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் "எனக்கு இப்படி இருக்கிறது" என்று எழுதினால், அது தன் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் இந்தக் கருவியைக் கூப்பிட்டு, தேடிப் பார்த்து, கிடைத்ததை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அப்படி நமக்காகக் காரியம் பார்க்கிற செயற்கை நுண்ணறிவை முகவர் என்கிறார்கள். அந்த முகவருக்குக் கருவி என்னவென்று தானாகத் தெரியாது. எப்போது கூப்பிட வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும், திரும்பி வருவதை எப்படி விளங்கிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் யாராவது எழுதி வைக்க வேண்டும். அந்த யாராவது நான்.

முதல் சில வாரங்கள் கஷ்டப்பட்டேன். மனிதர் வாசித்தால், நாம் எழுதாமல் விட்டதைத் தங்கள் புத்தியால் நிரப்பிக்கொள்வார்கள். முகவரும் நிரப்பிக்கொள்ளும். எதை வைத்து நிரப்பும் என்பதுதான் நமக்குத் தெரியாது.

எங்கள் குழுவின் தலைவி சென்னையில் இருந்தார். நான் நேரில் பார்க்காத, ஆனால் குரலை நன்றாக அறிந்த பெண். ஒருநாள் கூப்பிட்டு, கருவிக்குத் தமிழும் சேர்க்கிறோம் என்றார்.

"உங்க ஊர்ல ஜனங்க உடம்பு சரியில்லன்னா எப்படிச் சொல்வாங்களோ, அப்படியே வேணும். புத்தகத் தமிழ் வேண்டாம். நாலு பேர்கிட்ட கேட்டு எழுதி அனுப்புங்க."

இன்னும் வெளியாகாத அந்தத் தமிழ்ப் பகுதியைச் சோதிக்க, அந்த இடத்திலேயே "எனக்கு வருத்தம்" என்று அடித்தேன். கருவி மனச்சோர்வு பற்றிய பக்கங்களைக் கொண்டுவந்து கொட்டியது.

"சரியாத்தானே வந்திருக்கு? வருத்தம்னா சோகம்தானே?" என்றார் அவர்.

"எங்களுக்கு வருத்தம் எண்டா நோய்."

"அப்போ ஸ்ரீலங்காவிலேர்ந்து யாராவது கேட்டா..." என்று அவர் தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து நான் ஊரின் நோய்களைக் கேட்கத் தொடங்கினேன். உறவுக்காரப் பெண்களும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ஆசையாகச் சொன்னார்கள். தங்கள் பேச்சை ஒருத்தி அப்படியே எழுதுகிறாள் என்பதே அவர்களுக்குப் புதினம். கொக்கட்டிச்சோலையில் படிப்பிக்கும் என் பழைய பள்ளித் தோழி, வட்டைகளில் வயல்வேலை செய்யும் பெண்களிடம் கேட்டுக் குரலாகப் பதிந்து அனுப்பினாள். தலை அம்முது, கால் விறைக்குது, சலம் கடுக்குது, முட்டு இழுக்குது, சத்தி வருது. தடிமன் என்றால் எங்களுக்குச் சளி; கருவி அதை உடற்பருமன் என்று எடுத்தது. சத்தி என்றால் வாந்தி. கருவி அதைச் சக்தி என்று திருத்திக்கொண்டு, உடல் வலுவுக்கான சத்துணவு சொன்னது. நான் ஒவ்வொன்றையும் குறித்து அனுப்ப, சென்னையில் திருத்தினார்கள். சிரிப்பும் வேலையுமாக நாட்கள் போயின.

என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, அடுத்த ஒழுங்கையில் இருந்தா. அவவின் கணவர் கட்டாரில் சாரதி. ஒரே மகள். மகளுக்கு ஏறாவூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதால், இருந்த வீட்டுக்கு மேலே ஒரு தட்டு எழும்பிக்கொண்டிருந்தது. மதினி காலையிலிருந்து மேசன்மாரோடு நிற்பா. கம்பி வளைப்பதிலிருந்து சீமெந்து குழைப்பது வரை அவவின் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடக்காது. குரல் ஒழுங்கை முனைவரை கேட்கும். நான் கலியாணம் முடித்த புதிதில், பெண்பிள்ளை வெளிநாட்டுக்காரருக்கு வேலை செய்வதா என்று மாமியார் முகம் சுளித்தபோது, "வீட்டுக்குள்ள இரிந்து உழைக்கிறத்துக்கு ஆருக்கிட்டகா கேக்கோணும்?" என்று எனக்காகப் பேசியது மதினிதான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு என் மேல்மாடிக்கு ஏறி வந்தா. சேலைக் கரையில் சீமெந்துத் தூள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"எல்லாருக்கிட்டயும் கேக்கிறியாம், எனக்கிட்ட மட்டும் கேக்கல்ல. உன்ட மிசினுக்கு நானும் வருத்தம் செல்லித் தாறன். எழுது."

"செல்லுங்க மதினி."

"முட்டங்கால் ரெண்டும் கழண்டு விழுறாப்போல இரிக்கு. எழுதிட்டியா? கோவம் வந்தா பிடரிக்குள்ள ஒரு சூடு ஏறுது. அது பிரசரா, மேசன்மாரா எண்டு தெரியா."

சிரித்துக்கொண்டே அடித்தேன். இன்னும் இரண்டு மூன்று சொன்னா. பிறகு சன்னல் பக்கம் திரும்பினா. அங்கே பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைத் தவிர ஒன்றுமில்லை.

"குளிக்கக்குள்ள கைக்கு ஒண்டு தட்டுப்படுது. முதல்ல புளியங்கொட்டை போல இரிந்தது. இப்ப அத விடப் பெரிசு. நோவு இல்ல. நோவு இல்லாததால ஆருக்கும் செல்லல்ல."

நான் அடித்துக்கொண்டே போனேன். கருவிக்கு உடம்பின் இடமும் காலமும் தேவை என்பதால் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளையே கேட்டேன்.

"எவடத்தில மதினி?"

"சட்டைக்குள்ள எண்டு போடு."

"எவ்வளவு காலமா?"

"நோம்புக்கு முந்தி இரிந்து."

கை நின்றுவிட்டது. கற்பனையாகச் சொல்பவர்கள் ஒரு கிழமை என்பார்கள், ஒரு மாதம் என்பார்கள். நோன்புக்கு முந்தி என்று யாரும் சொன்னதில்லை.

"மதினி, இது ஆருக்கு?"

"ஆருக்குமில்ல. நீதானே செல்லச் சென்ன."

"நோம்புக்கு முந்தி எண்டு செல்லுறீங்க."

"சும்மா வாயில வந்தது."

சொல்லும்போதே சேலைத் தலைப்பை இழுத்து இடப்பக்கத் தோளை மூடினா. நான் எழும்பிப் போய் அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கையைப் பிடித்தேன். மதினியின் கை எப்போதும் சூடாக இருக்கும். அன்றும் சூடாகத்தான் இருந்தது.

"நாளைக்கு டொக்டருக்கிட்டப் பெய்த்துக் காட்டுவம். நான் வாறன் உங்களோட."

"விசராகா உனக்கு? மாப்பிள்ள வீட்டார் கேள்விப்பட்டா விடுவாங்களா? உம்மாக்கு இந்த வருத்தம் எண்டா மகளுக்கும் வரும் எண்டு செல்லுவாங்க. கலியாணம் முடியட்டும். மறுகா நானே பெய்த்துக் காட்டுறன்."

"அதுவரைக்கும் இது பாத்துக்கொண்டு இரிக்குமா?"

மதினி என் மேசையைப் பார்த்தா. பிறகு, "அதுக்கிட்டக் கேளன்" என்றா. "நீதானே சென்ன, பெரிய டொக்டர்மார்ர எல்லாத்தயும் அதுக்குள்ள போட்டிரிக்கெண்டு. கேளு. அது செல்லுறதப் பாப்பம்."

திரையில் சோதனைப் பகுதி திறந்தே கிடந்தது. மதினி சொன்ன வசனம் அப்படியே இருந்தது. மற்றவர்கள் சொன்னதை எப்படி ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுத்தேனோ, அப்படியே அதையும் கொடுத்தேன். கருவியிலிருந்து வந்த வரி: பொருந்தும் பதிவு எதுவும் இல்லை. அந்த வரியை எடுத்து முகவர் ஒரு பதில் கட்டியது. நீங்கள் கூறிய விபரங்களுடன் தொடர்புடைய நோய் எதுவும் கண்டறியப்படவில்லை, வலி இல்லாதிருப்பது நல்ல விடயம், போதிய ஓய்வெடுத்துத் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

மதினிக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. "என்னவாம்?" என்று கேட்டா. அவவே இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டு, திரைக்குக் கிட்ட வந்து, எழுத்துக் கூட்டி வாசித்தா.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றா.

"மதினி, அது அப்படியில்ல. அதுக்கு நீங்க செல்லுறது விளங்கல்ல. சட்டைக்குள்ள எண்டா என்னண்டு அதுக்குத் தெரியா."

"உனக்கு விளங்கினது, அதுக்கு விளங்கல்லையா? நீதானே அதுக்குப் படிச்சிக் குடுக்கிற?"

படியிறங்கும்போது வழக்கமான குரலில் மேசன்மாரைப் பற்றி எதையோ சொல்லிக்கொண்டே போனா. அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நான் மேலே இருந்தேன்.

உடனே அந்த வசனத்தை வைத்தியசாலைத் தமிழுக்கு மாற்றி அடித்தேன். மார்பில் கட்டி, வலியில்லை, வளர்ந்து வருகிறது. பதில் உடனே வந்தது: தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவும். அதைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மதினி வீட்டுக்குப் போனேன். மேல்தட்டில் தூண்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். மதினியை ஒரு மூலைக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன்.

வாசித்துவிட்டுத் தொலைபேசியை என் கையில் திருப்பித் தந்தா.

"இது நீ எழுதினதுக்கு அது செல்லிரிக்கு. நான் செல்லக்குள்ள ஒண்டுமில்ல எண்டுதானே செல்லிச்சு."

அன்றிரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். பாதிச் சோற்றில் எழும்பிக் கை கழுவிக்கொண்டு தன் அக்காவின், அவர் சொல்லில் ராத்தாவின், வீட்டுக்குப் போனார். வெகு சீக்கிரமாகத் திரும்பி வந்தார்.

"ஒண்டுமில்ல எண்டு பாத்தாச்சாமே? உன்ட மிசினே செல்லிச்சாமே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அதை நம்ப வேண்டும் போலிருந்தது. தகப்பனில்லாத வீட்டில் அவரை வளர்த்தது அந்த ராத்தாதான்.

"அதுக்கு ராத்தாட பேச்சு விளங்கல்ல. விளங்கல்ல எண்டு செல்ல அதுக்குத் தெரியா. அதால ஒண்டுமில்ல எண்டிச்சு."

"அப்ப அதை அப்படிச் செல்ல வெய்யன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒழுகுகிற குழாயைக் காட்டி, இதைத் திருத்தேன் என்பது போலச் சொன்னார்.

அதைத்தான் செய்தேன். அடுத்த சில நாட்கள் வேறு எதையும் எழுதவில்லை. தேடல் வெறுமையாகத் திரும்பினால் அதற்கு என்னென்ன அர்த்தங்கள் இருக்க முடியும் என்று எழுதினேன். நோய் இல்லாதிருக்கலாம். நோய் இருந்து தரவில் இல்லாதிருக்கலாம். தரவில் இருந்து, கேட்டவரின் சொல் அதைத் தொடாதிருக்கலாம். பெண்கள் உடம்பின் சில இடங்களைப் பெயர் சொல்லிச் சொல்லமாட்டார்கள். சட்டைக்குள் என்பார்கள், கீழ்ப்பக்கம் என்பார்கள், அந்த இடம் என்பார்கள். வலி இல்லை என்று ஒருவர் சொன்னால் அது நல்ல செய்தி என்று முகவர் தன் பாட்டுக்கு முடிவெடுக்கக் கூடாது. இப்படிப் பக்கம் பக்கமாக.

சென்னைத் தலைவி முழுவதையும் வாசித்திருந்தார்.

"எல்லாமே சரி. ஆனா இவ்வளவு வைக்க முடியாது. ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் இதை முழுசாப் படிச்சிட்டுத்தான் வேலையே ஆரம்பிக்குது. நீளமாச்சுன்னா மத்த விஷயங்களைக் கவனிக்காம விட்டுடும். ரெண்டு வரியில சொல்லுங்க."

அவர் சொன்னதில் பிழையில்லை. நானும் அந்தத் தொழிலில் இருப்பவள்தான். இரண்டு வரியாக்கினேன். முடிவு வெறுமையாக வந்தால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உடம்பின் எந்த இடம் என்று திருப்பிக் கேள்.

"அந்த 'சட்டைக்குள்ள' வசனம் ரொம்ப நல்ல உதாரணம்" என்றார் அவர். "அதையே கீழ போட்டுடலாம். யார் சொன்னாங்க?"

"என் கணவரின் சகோதரி."

"அவங்களுக்கு ஒண்ணும் பிரச்சின இல்லையே?"

உதாரணமாகப் போடுவதைப் பற்றித்தான் கேட்டார். எனக்கு அது விளங்க ஒரு கணம் பிடித்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மதினியிடம் கேட்டபோது, "பேர் போடாட்டிப் போடு" என்றா. சீமெந்து மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தா, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வரியையும் சேர்த்த பிறகு அதே வசனத்தை மறுபடி கொடுத்துப் பார்த்தேன். இந்த முறை முகவர், நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை, உடம்பின் எந்தப் பகுதியில் என்று சொல்ல முடியுமா என்று கேட்டது. வேலை செய்தது. தொழிலில் அது சந்தோஷப்பட வேண்டிய நேரம். அதைக் கொண்டுபோய் மதினியிடம் காட்டினேன். "ஒரு தரம் கேட்டாப் போதும்கா. திருப்பித் திருப்பிக் கேட்டா அது வேற வேறதான் செல்லும்" என்றா.

அவவை யாராலும் அசைக்க முடியவில்லை. கணவர் கெஞ்சினார். கட்டாருக்குச் சொல்லிவிடுவேன் என்று வெருட்டினார். சொன்னார்கூட. அவவின் கணவர் அழைத்தபோது, "தம்பிக்கு விசர், நான் நல்லாத்தான் இரிக்கன்" என்று சிரித்திருக்கிறா. கிட்டத்தட்ட இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அதற்குள் மேல்தட்டுக்குக் கொங்கிரீட் போட்டு முடிந்தது.

ஒரு காலையில் மதினியின் மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். உம்மாவால் தொழுத பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. நாங்கள் போனபோது, ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்த நிலையிலிருந்து சரிந்தவாக்கில் அப்படியே கிடந்தா. முதுகில் என்றா. முதன்முறையாக நோவு என்றா. த்ரீவீலில் ஏற்றி, நானும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, கல்லடிப் பாலத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதையின் ஒவ்வொரு குழிக்கும் மதினி என் மணிக்கட்டை இறுக்கினா. சத்தம் போடவில்லை.

பார்த்த டொக்டர் இளம் பெண். திரையை இழுத்துவிட்டு, சட்டையைத் தளர்த்தச் சொல்லி, நீண்ட நேரம் தொட்டுப் பார்த்தார். அக்குளையும் பார்த்தார். அவர் முகம் மாறவேயில்லை. அதனாலேயே எனக்கு எல்லாம் விளங்கிற்று.

"எப்ப இருந்து அம்மா இருக்கு?"

"நோம்புக்கு முந்தி இரிந்து."

"எந்த நோம்பு?"

மதினி என்னைப் பார்த்தா. பிறகு சுவரைப் பார்த்தா.

"போன நோம்பில்ல. அதுக்கு முந்தின நோம்பு."

சதையெடுத்துப் பரிசோதித்தார்கள். எலும்புப் படமும் எடுத்தார்கள். எல்லாம் வந்த பிறகு டொக்டர் என்னை நடைகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னார். எலும்புக்குப் போயிருந்தது. சத்திரசிகிச்சையால் இனிப் பயனில்லை. மருந்து ஏற்றிப் பார்க்கலாம், நோவைக் குறைக்கலாம். நான் ஒன்றைத்தான் கேட்டேன்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னுக்கு வந்திருந்தா?"

"அந்த ரெண்டு மாசத்தால பெரிய வித்தியாசம் வந்திருக்காது. எலும்புக்குப் போய்க் கன நாள்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. அப்போ அந்த வெறும் வரி எதையும் கெடுக்கவில்லை. அதற்குப் பின் நான் எழுதிய இரண்டு வரியும் எதையும் காப்பாற்றியிருக்காது. நடைகூடத்தில் ஆட்கள் சாப்பாட்டுப் பொதிகளோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய், மதினியின் தலையணையைச் சரிசெய்தேன்.

மருந்து ஏற்றத் தொடங்கியதும் மதினி மெலிந்தா. முடி கொத்துக் கொத்தாகப் போயிற்று. இனி ஊருக்கு மறைக்க ஒன்றுமில்லை. ஏறாவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா பார்க்க வருகிறா என்று செய்தி வந்தபோது, மதினி மகளை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னா.

"கலியாணம் வேணாம் எண்டு செல்லிட்டுப் போகத்தான் வாறா. நீ பக்கத்தில இரி."

அந்த மனுசி வந்து, கட்டிலோரம் கதிரையில் இருந்து, மதினியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. பிறகு மற்றக் கையால் தன் அபாயாவின் மேல், இடப்பக்க நெஞ்சை, உள்ளங்கையால் அமத்திக் காட்டினா. அமத்தியதும் அது தட்டையாகப் போயிற்று.

"எனக்கும் இஞ்ச ஒண்டுமில்ல" என்றா. "மகன் சின்னப் புள்ளயா இரிக்கக்குள்ள எடுத்தது. பஞ்சு வெச்சிரிக்கன். எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு தரமாட்டீங்களோ எண்டு நாங்க செல்லல்ல."

மதினி அவவையே பார்த்துக்கொண்டிருந்தா. கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"நீங்க எப்ப பெய்த்துக் காட்டினீங்க?" என்று கடைசியில் கேட்டா.

"கைக்குத் தட்டுப்பட்ட கையோட. எங்கட வாப்பா அடிக்காத குறையா இழுத்துக்கொண்டு போனாரு."

மதினி தலையைத் திருப்பிக்கொண்டா. அந்த மனுசி போன பிறகும் திரும்பவில்லை. மகள் கஞ்சி கொண்டுவந்தபோது, அவளுடைய முகத்தை ஒரு கையால் தடவிவிட்டு, கஞ்சியை வேண்டாமென்று தள்ளினா.

கலியாணம் நடந்தது. மேல்தட்டுக்குச் சுவர் பூசவில்லை, சன்னல் போடவில்லை. கீழ்வீட்டில், சொந்தக்காரர் மட்டும் கூடி, நிக்காஹ் எழுதினார்கள். மதினியைக் கதிரையோடு தூக்கி வந்து மகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். முக்காட்டை நெற்றிவரை இறக்கியிருந்தா. பெண்கள் குரவை போட்டபோது அவவின் உதடும் அசைந்தது. அவவின் கணவர் கட்டாரிலிருந்து தொலைபேசித் திரையில் பார்த்தார். முதலாளி விடுமுறை தரவில்லை. தொடர்பு அறுந்து அறுந்து வந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் நோவுடையவை. எங்கள் பக்கத்தில் ஆட்கள் நோவைச் சொல்லும் சொற்களையெல்லாம் நான் சேர்த்து அனுப்பியிருந்தேன். உளையுது, குத்துது, கொளுவிப் புடிக்குது, காந்துது. மதினி அவற்றில் எதையும் பாவிக்கவில்லை. தாதி வந்து, வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டபோது, "பத்துக்கு அங்கால இல்லையா புள்ள?" என்று கேட்டா. தாதி எழுதிக்கொண்டு போனா. நான் வீட்டுக்கு வந்து மேசையில் இருந்தேன். அந்தக் கிழமை எனக்கு வந்திருந்த வேலை, வலியின் அளவை முகவர் எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பது. ஒன்றிலிருந்து பத்து என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கருவியின் தமிழ்ப் பகுதி வெளியான செய்தியைச் சென்னைத் தலைவி சொன்னபோது நான் மதினியின் கட்டிலருகே இருந்தேன். எழும்பி முற்றத்துக்கு வந்து பேசினேன். நிறையப் பேர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றார். திருப்பிக் கேட்கும் அந்த இரண்டு வரி நன்றாக வேலை செய்கிறது, மற்ற மொழிகளுக்கும் அதைப் போடப்போகிறோம் என்றார். உங்க மதினி எப்படி இருக்காங்க என்று கேட்டார். எங்கள் சொல்லை அவர் பழகியிருந்தார். வருத்தம்தான் என்றேன்.

"எந்த வருத்தம்?" என்று மெதுவாகக் கேட்டார். இரண்டும் என்றேன்.

சுபஹ் பாங்கு சொல்லி, வெளிச்சம் வரத் தொடங்கிய நேரம் மதினி மௌத்தானா. மகள் பக்கத்தில் இருந்தாள். என் கணவர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. நானும் மற்றப் பெண்களும் குளிப்பாட்டினோம். அந்தக் கட்டியை நான் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். இவ்வளவு காலம் அதைப் பற்றி எழுதியும் பேசியும் இருந்திருக்கிறேன். தண்ணீரை ஊற்றிக் கையால் மெல்லக் கழுவினேன். லுஹருக்கு முன் அடக்கம் முடிந்தது. ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் போவதை வாசலில் நின்று பார்த்தோம்.

அவவின் கணவருக்கு அடக்கத்துக்கு வர முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒரு சிறிய பையோடு வந்திறங்கினார். முதலில் மதினியை அடக்கிய மையவாடிக்குப் போய்விட்டுப் பிறகுதான் வீட்டுக்கு வந்தார். ஆட்கள் வந்து பேசிவிட்டுக் கலைந்த பிறகு, பூசாத படியில் ஏறி மேல்தட்டுக்குப் போய், சன்னலுக்காக விட்டிருந்த இடைவெளியில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய தாடி நரைத்திருந்தது. படங்களில் அது தெரிந்ததில்லை.

"கடைசியா என்ன சென்னா?" என்று கேட்டார்.

"கடைசி ரெண்டு நாளும் பேச்சில்ல காக்கா." காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

"அதுக்கு முந்தி?"

யோசித்துப் பார்த்தேன். அவருக்குக் கொடுக்கிறாப்போல ஒன்று இருந்தால் நல்லது என்று தேடினேன். மகளைப் பற்றியோ, அவரைப் பற்றியோ, வீட்டைப் பற்றியோ, மதினி கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை. இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்கு ஏலவில்லை.

"பக்கத்து வீட்டு ஆடு கத்திக்கொண்டு நிண்டது. அதுக்கு ஆரும் தண்ணி வெச்சாங்களா எண்டு கேட்டா."

"வெச்சீங்களா?"

"ஓம். வெச்சம்."

அவர் தலையை ஆட்டினார். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கீழே மருமகன் த்ரீவீலிலிருந்து தண்ணீர்ப் போத்தல்களை இறக்கி, வந்திருந்தவர்களுக்காக உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் இவரும் எழும்பி, கோப்பையை அந்தத் திட்டில் வைத்துவிட்டு, அவனுக்குக் கைகொடுக்க இறங்கிப் போனார்.